இருளம்மாள் கேட்ட பாறை

இருளம்மாளுக்குக் கல்லோடைப்பட்டியில் ஒருவரையும் பிடிக்காது. ஊருக்கும் அவளைப் பிடிக்கவில்லை. 1997ஆம் வருஷம் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நீலகிரியிலிருந்து பிறந்த ஊருக்குத் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது, தம்பி வீரணன் கேட்ட முதல் கேள்வி, "எத்தன நாளைக்கு?"

"இருக்கிறவரைக்கும்" என்றாள்.

அவன் பெட்டியைக்கூட வாங்கிக்கொள்ளாமல் முன்னால் நடந்தான்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகும் சாலையில், வண்டி மலையேறத் தொடங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் பிரிகிற பாதையில் இருக்கிற ஊர் அது. மலையிலிருந்து இறங்கும் கல்லோடை ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஓடைக் கரையில் வீரணனுக்குத் திராட்சைத் தோட்டம். நிலம் அப்பா பெயரில் இருந்தது. அவர் உயில் எதுவும் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். மகள் தூரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்ததால் முழுவதையும் மகன் உழுதான், பந்தல் போட்டான், தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டான். இப்போது மகள் வந்து வாசலில் நின்றாள். வீரணனுக்கும் அவன் மனைவி உமாதேவிக்கும் அவளைக் கண்டதும் வயிறு எரிந்ததற்கு அது ஒன்றே போதும்.

இருளம்மாளின் புருஷன் நல்லகண்ணு தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, பந்தலூர்ப் பக்கத்து மலைகளில் எவரோ எந்தக் காலத்திலோ வெட்டிப் போட்டுவிட்டுப் போன சுரங்கக் குழிகளில் நுழைந்து தங்கக் கல் எடுத்தவன். அங்கே அப்படிப் பிழைத்தவர்கள் நிறையப் பேர். ஆண்கள் குழிக்குள் ஊர்ந்து போய்க் கல்லை உடைத்து மூட்டை கட்டி வெளியே தள்ளுவார்கள். பெண்கள் அதை இடித்து மாவாக்கி, மரவை என்கிற அகலமான மரத்தட்டில் போட்டு ஓடைத் தண்ணீரில் அலசுவார்கள். லேசான மண் வழிந்து போகும். கடைசியில் கருமணல் நிற்கும். அதற்கும் அடியில் மஞ்சளாய்க் கொஞ்சம் பொடி. அதைப் பாதரசத்தில் பிடித்து, துணியில் பிழிந்து, சூடு காட்டினால் மிளகு மாதிரி ஒரு மணி தேறும். ஒரு மழைக்காலத்தில் குழியின் கூரை நல்லகண்ணுவின் மேல் இறங்கியது. அது அனுமதியில்லாத வேலை என்பதால் உடன் இருந்தவர்கள்கூடச் சாவுக்கு வரப் பயந்தார்கள். இருளம்மாளும் ஒரு டிராக்டர்காரனும்தான் உடலைக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு மனிதர்கள் மேல் ஒரு வெறுப்பு விழுந்தது. அது கடைசிவரைக்கும் விடவில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. அலசும்போது சில சமயம் பொடியாக இல்லாமல் துண்டாகவே தங்கம் கிடைக்கும். மண்ணுக்குள் அதுவாகவே வளைந்தும் மடங்கியும் உருவான துண்டு. ஒன்று பாசி இலை போல இருக்கும். ஒன்று முறுக்கிய கம்பி போல. இன்னொன்று வெள்ளைக் கல்லின் சில்லில், பல் இடுக்கில் மாட்டிய நார் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படிக் கிடைத்ததை அவள் பாதரசத்தில் போட மாட்டாள். ஹோமியோபதி மாத்திரை வருகிற சின்னக் குப்பிகளில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் போட்டு மூடி, பவுடர் டப்பாவுக்குள் அடுக்கி வைப்பாள். நல்லகண்ணு இதற்காக அவளை அடித்திருக்கிறான்.

"உருக்குனா எல்லாம் ஒரே தங்கந்தான். இது இருக்கிறாப்புல இன்னொன்னு இந்த ஒலகத்துல கிடையாது" என்பாள். அதற்கு மேல் அவளுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

மரவையும் பவுடர் டப்பாவும்தான் அவள் பிறந்த ஊருக்குக் கொண்டுவந்த சொத்து. தம்பி வீட்டுச் சோறு சில மாதங்கள்தான் தாங்கியது. "திருட்டுத் தங்கம் எடுத்துச் செத்தவன் பொண்டாட்டி" என்று உமாதேவி பக்கத்து வீட்டில் சொன்னது காதில் விழுந்த அன்றே, ஊர்க் கோடியில் ஜக்கம்மாவின் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறைக்குக் குடிபோனாள். ஜக்கம்மா வாய் ஓயாமல் பேசுகிறவள், வேலையில் கெட்டிக்காரி. திராட்சை அறுப்புக்கு இருளம்மாளையும் சேர்த்துக் கூட்டிப்போனாள்.

ஒருநாள் துணி துவைக்க ஓடைக்குப் போன இருளம்மாள், ஒரு பாறையின் பின்பக்கம் கருமணல் தேங்கிக் கிடப்பதைப் பார்த்தாள். மறுநாள் மரவையைக் கொண்டுபோய் அலசினாள். ஒன்றிரண்டு பொட்டு மின்னியது. பழக்கமில்லாத கண்ணுக்கு அது தெரிந்திருக்காது.

அதிலிருந்து வேலையில்லாத நாளெல்லாம் ஓடையிலேயே கிடந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, இடத்துக்கு இடம் அலசிப் பார்த்தாள். மேலே போகப் போகப் பொட்டுகள் பெரிதாயின, முனை மழுங்காமல் இருந்தன. அப்படியானால் அவை அதிக தூரம் உருண்டு வரவில்லை என்று அர்த்தம். வீரணனின் தோட்டத்து மூலையைத் தாண்டி அலசியபோது ஒன்றுமே இல்லை. திரும்ப இறங்கி வந்து பார்த்தாள். அந்த மூலையைப் பாறைக்காடு என்பார்கள். கள்ளியும் கல்லும் தவிர எதுவும் முளைக்காத இடம். கரை அரித்துப்போன ஓரிடத்தில் பாறைக்குள் வெள்ளைக் கல் ஒரு பட்டையாக ஓடியது. அதிலிருந்து ஏற்கெனவே பிளந்து நின்ற, ஒரு கைக்குள் அடங்கும் கல்லைப் பெயர்த்தாள். அதன் குறுக்கே தங்கம் ஒரு நரம்பு போல ஓடி, ஒரு முனையில் வெளியே நீட்டிச் சுருண்டிருந்தது.

வாழ்நாளில் அவள் பார்த்ததிலேயே நல்ல கல் அதுதான். முந்தானையில் முடிந்துகொண்டு வந்து உப்புப் பானைக்குள் புதைத்து வைத்தாள். ஜக்கம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஊர் அதற்குள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தது. குடிக்கிற தண்ணீரைக் கலக்குகிறாள் என்றார்கள். ஓடையில் என்னவோ மந்திரம் செய்கிறாள் என்றார்கள். ஒரு பகலில், கீழ்த்தெரு தங்கப்பாண்டி அவள் அலசிக்கொண்டிருந்த மரவையைக் காலால் தட்டிவிட்டான்.

"ஊர்த் தண்ணியில என்ன ஆத்தா கழுவுற?"

அவள் எழுந்தாள். மரவையை எடுத்தாள். அதன் விளிம்பால் அவன் முழங்காலில் ஒன்று போட்டாள். அவன் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு ஓடையில் அவள் பக்கத்தில் யாரும் வரவில்லை. அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

தொண்ணூற்றொன்பதில் அவள் தம்பி வீட்டுக்குப் போய்ப் பங்கு கேட்டாள். வீரணன் திராட்சைப் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா நெலத்துல எனக்கும் பாதி இருக்கு. பாதி வேணாம். பாறைக்காட்ட மட்டும் எனக்கு எழுதிக்குடு. பந்தல், கெணறு எல்லாம் நீயே வச்சுக்க."

வீரணன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பல வருஷமாக அவன் பயந்துகொண்டிருந்த கேள்வி இவ்வளவு மலிவாக முடிந்ததில் அவனுக்குச் சந்தோஷம். "அத வச்சு என்ன செய்யப்போற? ஆடு மேய்க்கவா?"

"என்னமோ செய்றேன்."

அவள் போன பிறகு உமாதேவிதான் அவனைப் பிடித்துக்கொண்டாள். "அவுக கிறுக்கி இல்ல. பந்தல விட்டுட்டுப் பாறைய யாரு கேப்பாக? அங்கன என்னமோ இருக்கு."

இரண்டு பேரும் பாறைக்காட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். கரை அரித்த இடத்தில் புதிதாகக் கல் பெயர்த்த தடம் இருந்தது. வெள்ளைக் கல்லில் ஒரு மினுக்கு இருந்தது. அவர்களுக்கு அது போதும்.

மறுநாள் இருளம்மாள் அறுப்பு வேலைக்குப் போயிருந்தபோது வீரணன் கொட்டகை அறைக்குள் புகுந்து எல்லாவற்றையும் கவிழ்த்தான். ஜக்கம்மா தடுத்ததற்கு அவளைத் தள்ளிவிட்டான். பவுடர் டப்பா கிடைத்தது. உப்புப் பானையை மட்டும் அவன் தொடவில்லை.

டப்பாவோடு கம்பத்துக்குப் போய் ஒரு நகைப் பட்டறையில் கொடுத்தான். பட்டறைக்காரருக்கு அவை எப்படிப்பட்ட துண்டுகள் என்று தெரிய வாய்ப்பில்லை. கல் ஒட்டியிருந்ததைத் தட்டி எடுத்துவிட்டு, இலையையும் கம்பியையும் நாரையும் ஒரே மூசையில் போட்டு உருக்கினார். உருகி வந்தது சின்ன உருண்டைதான். அதில் உமாதேவிக்கு ஒரு மூக்குத்தி செய்தான்.

இருளம்மாள் அந்த மூக்குத்தியைத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தாள். வரிசையில் நின்ற பெண்கள் சண்டையை எதிர்பார்த்தார்கள். அவள் உமாதேவியின் முகத்துக்கு வெகு அருகில் போய் நின்றாள்.

"இதுல எந்தத் துண்டு எதுன்னு உனக்குத் தெரியுமா?"

"என்ன மதினி சொல்றீக?"

"பதினாலு வருஷம் சேத்தேன். எம்புருசங்கிட்ட மிதி வாங்கிச் சேத்தேன். நீ சளி சிந்துற மூக்குல குத்தி வச்சிருக்க."

குடத்தை நிரப்பாமலேயே திரும்பிப் போனாள். அன்று சாயங்காலம் வரை அறைக் கதவைத் திறக்கவில்லை என்று ஜக்கம்மா சொன்னாள். அழுகைச் சத்தம் எதுவும் கேட்கவில்லையாம். ஊர்ப் பெரிய மனிதர்களிடம் முறையிட்டதற்கு, "அக்கா தம்பிக்குள்ள நாங்க வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். தங்கப்பாண்டி அவர்களில் ஒருவனாக உட்கார்ந்திருந்தான்.

வீரணனுக்கு இப்போது திராட்சை மறந்து போயிற்று. கிணறு வெட்டுகிற சின்னக்கருப்பைக் கம்ப்ரசர் வண்டியோடு கூட்டிவந்தான். சின்னக்கருப்பு பாறையையும் சற்றுத் தள்ளி இருந்த கிணற்றையும் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"அண்ணே, கெணறு கிட்டக்க இருக்கு. சின்ன வெடியா வச்சுப் பாப்பம்."

"பெருசா வையி. எனக்கு ஆழம் வேணும்."

வெடி வைத்தார்கள். ஊர் முழுக்கக் கூரை அதிர்ந்தது. வெள்ளைப் பட்டை சுக்குநூறாகச் சிதறி ஓடைக்குள்ளும் கள்ளிக்குள்ளும் விழுந்தது. வீரணனும் உமாதேவியும் கல்லைப் பொறுக்கி உரலில் இடித்து, சோற்றுத் தட்டில் அலசினார்கள். எங்கே நிறுத்த வேண்டும், எதை வழிய விட வேண்டும் என்று தெரியாததால் கருமணலோடு எல்லாம் ஓடையில் போனது. எதிர்க்கரையில் உட்கார்ந்து இருளம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை.

"சும்மா உக்காந்திருக்காளே, ஏதாச்சும் சொல்றாளா பாரு" என்று வீரணன் கத்தினான்.

"சொல்ல மாட்டேன். கழுவு" என்றாள் அவள்.

அவர்கள் மறுபடி வெடி வைத்தார்கள். மறுபடியும் வைத்தார்கள். பாறைக்காட்டில் ஒரு வீட்டை இறக்கிவைக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. மற்றவர்களும் ஆசைப்பட்டுக் கடப்பாரையோடு வர ஆரம்பித்தார்கள். தங்கப்பாண்டி பங்குக்கு நின்றான்.

ஒரு திங்கட்கிழமை இருளம்மாள் தேனிக்குப் போனாள். கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குகிற நாள். கூட்டத்தில் நின்று முறை வந்ததும், தன் தம்பி அனுமதியில்லாமல் வெடி வைத்துத் தங்கம் எடுப்பதாகச் சொன்னாள். கனிமப் பிரிவு அதிகாரி ஒருவர் அவளைத் தனியாக உட்கார வைத்து விசாரித்தார்.

"அம்மா, ஒங்களுக்கும் அந்த நெலத்துல பாத்தியம் இருக்குன்னு சொல்றீங்க. இதை நாங்க நிறுத்துனா ஒங்களாலயும் அங்க கை வைக்க முடியாது. ஓடையில அலசக்கூட முடியாது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

அவள் கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தாள். மரவை பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கைகள்.

"தெரிஞ்சுதான் சொல்றேன். நிறுத்துங்க."

வந்தார்கள். கம்ப்ரசர் வண்டியைப் பிடித்தார்கள். வீரணன் மேல் வழக்குப் போட்டார்கள். மண்ணியல் ஆள் ஒருவர் மாதிரிக் கல் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, பட்டை மெல்லியது, ஆழத்தில் அற்றுப்போகிறது, தோண்டுகிற அளவுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னார். தடை அறிவிப்புப் பலகை ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். ஊருக்கு ஆத்திரம் அவள் மேல்தான். அவள் அறையின் கூரையை யாரோ பிய்த்துப் போட்டார்கள். அறுப்புக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கம்பத்துக்குப் போய், கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆளேற்றும் ஜீப்பில் இடம் பிடித்து வேலைக்குப் போய் வந்தாள். மரவையை அவளே கோடாலியால் பிளந்து அடுப்பில் வைத்தாள். யாரும் அதைத் தொடுவதற்கு முன்னால் தானே முடித்துவிட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

அந்தக் கோடையில் வீரணனின் கிணறு வற்றியது. மழை பெய்தும் ஊறவில்லை. வெடி அதிர்ச்சியில் கிணற்றுப் பாறையின் ஊற்றுக்கண் எங்கோ விரிசல் விட்டுத் தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொண்டது. திராட்சைக் கொடிகளில் முக்கால்வாசி பந்தலிலேயே காய்ந்து கயிறுபோலத் தொங்கின. அவள் விட்ட சாபம் என்றாள் உமாதேவி. இருளம்மாள் அதை மறுக்கவில்லை.

பங்கு வழக்கைத் தொடுத்தாள். உத்தமபாளையம் கோர்ட்டுக்கும் ஊருக்குமாக வருஷக்கணக்கில் அலைந்தாள். வக்கீலுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்ற நிலை வந்தபோதுதான் உப்புப் பானையைத் திறந்தாள்.

அப்படிப்பட்ட கற்களை உருக்காமல் அப்படியே வாங்கி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று பந்தலூரில் கேள்விப்பட்டிருந்தாள். ஏலத் தோட்டத்தில் பழக்கமான ஒருத்தி மூலமாகக் கோயம்புத்தூரில் சூரியபிரகாஷ் என்ற பல் டாக்டரைக் கண்டுபிடித்துப் போனாள். அவர் வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய உலகத்துக் கற்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு சிறு அட்டை. அவள் முந்தானையை அவிழ்த்துக் கல்லை மேசையில் வைத்தாள். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து, சுருண்டு நீட்டியிருந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டிப் பார்க்கவில்லை, உரசிப் பார்க்கவில்லை. இருளம்மாளுக்கு அது பிடித்திருந்தது. அதை அவள் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"இது எந்த எடத்துல கெடைச்சுது? எடம் தெரியாத கல்லுக்குப் பாதி மதிப்புதாம்மா."

"பந்தலூர்ப் பக்கம். எம்புருசன் எடுத்தாரு."

"நிச்சயமா?"

"அவரு செத்த குழியில கெடைச்சது."

அவர் அப்படியே அட்டையில் எழுதிக்கொண்டு, கல்லை எடுத்து வைத்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். கல்லோடையின் பெயர் எவன் அலமாரியிலும் இருக்கக் கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும், கல் இருந்த முந்தானை முனையைக் கை தானாகத் தேடியது. சின்னமனூர் வரும்வரை அதை அவள் விடவில்லை.

2007இல் தீர்ப்பு வந்தது. அவள் முதலில் கேட்ட அதே பாறைக்காடும், அதை ஒட்டிக் கொஞ்சம் மேட்டு நிலமும் அவள் பங்கு. தங்கத்துக்கு அங்கே தடை. பயிர் வைக்க மண் இல்லை. பள்ளம்தான் இருந்தது. அதன் ஓரத்தில் தகரம் வேய்ந்து குடிபோனாள்.

ஆனால் பள்ளத்தில் தண்ணீர் இருந்தது. முதலில் மழைத் தண்ணீர் என்று நினைத்தாள். சித்திரை வெயிலிலும் அது இறங்கவில்லை. பாறையின் விரிசல் வழியாக மெதுவாக ஊறிக்கொண்டே இருந்தது. வீரணனின் கிணற்றிலிருந்து காணாமல் போன ஊற்று அது.

வீரணன் நேரில் வந்தான். பல வருஷத்துக்குப் பிறகு அவளோடு பேசினான்.

"அக்கா, அது எங்கெணத்து ஊத்து. ஒரு மோட்டார் வச்சுக்கிறேன். மிச்சம் கெடக்குற கொடியவாவது காப்பாத்திக்கிறேன்."

"ஒங்கெணத்துலதான் இருந்துச்சு. நீதான வெடி வச்சு எங்கிட்ட அனுப்புன."

"சின்னப் பிள்ளைல என்னைய இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ நீ."

"ஆமா. எறக்கி விட்டுட்டேன். போ."

மறுவாரம் அவன் கேட்காமலேயே ஹோஸ் போட்டான். அவள் அரிவாளோடு வந்து, அவன் கண் முன்னால் அதைத் துண்டு துண்டாக வெட்டினாள். அவன் மண்வெட்டியை ஓங்கினான். உமாதேவி நடுவில் விழுந்து அவன் கையைப் பிடித்தாள். "விடுங்க, கொலகாரனாப் போயிராதீக" என்று கெஞ்சினாள். இருளம்மாள் பின்வாங்கவில்லை. "ஓங்குனத போடு" என்றாள். அவன் போடவில்லை. மண்வெட்டியை எறிந்துவிட்டுப் போனான்.

2009இல் வீரணன் பந்தல் கல்தூண்களைப் பிடுங்கி விற்றுவிட்டு, நிலத்தைக் கெங்குவார்பட்டியிலிருந்து வந்த பாண்டியராஜன் என்ற ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கம்பத்துக்குக் குடிபோனான். அங்கே எஸ்டேட் ஜீப்புக்கு ஆள் சேர்த்துவிடுகிற வேலை. பாண்டியராஜன் வாழை போட வந்தவர். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு நேராக இருளம்மாளிடம் வந்தார்.

"ஆத்தா, தண்ணி குடுப்பீகளா? ஊர்ல எல்லாரும் நீங்க தரமாட்டீகன்னு சொன்னாக."

"எடுத்துக்க. எவ்வளவு வேணுமோ எடுத்துக்க" என்றாள் உடனேயே.

வாழை ஓடைக் கரை முழுவதும் கருகருவென்று எழுந்தது. கம்பம் மார்க்கெட்டில் அந்தத் தார்கள் இறங்குவதை வீரணன் பார்த்தான் என்றும், யார் தோட்டத்துக் காய் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அன்று வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டான் என்றும் ஜக்கம்மா செய்தி கொண்டுவந்தாள்.

"இப்ப ஒனக்கு மனசு குளுந்துச்சா?" என்று கேட்டாள் ஜக்கம்மா.

இருளம்மாள் பள்ளத்து ஓரத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"குளுந்துச்சு" என்றாள். தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.